பதினெட்டு ஆகப் போகிறது, வண்டி கேட்கிறான்: எங்கிருந்து ஆரம்பிப்பது?

கேள்வி, 3 மார்ச் 2024

மகனுக்கு நவம்பரில் 18 முடிகிறது. கல்லூரிக்குப் போக வண்டி வேண்டும் என்று இப்போதே நச்சரிக்கிறான். சைக்கிளைத் தவிர எதையும் தொட்டதில்லை. எனக்கு ஒரே பயம், அவனுக்குத் துளியும் இல்லை. டிரைவிங் ஸ்கூலில் பணம் கட்டிவிட்டால் போதுமா, அதற்கு முன்னால் வீட்டில் ஏதாவது செய்ய வேண்டுமா?

பதில், 3 மார்ச் 2024, இரவு 10.40

போதாது. டிரைவிங் ஸ்கூலில் கிளட்ச், கியர், ஸ்டியரிங் எல்லாம் சொல்லித் தருவார்கள். எட்டுப் போடப் பழக்கி ஆர்.டி.ஓ. ஆபீசில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். ரோட்டைப் பார்க்கச் சொல்லித் தர அங்கே யாருக்கும் நேரமில்லை.

நான் திருச்சி. மூத்தவனுக்கு 22, இளையவளுக்கு வரும் ஜூனில் 18. மூத்தவன் விஷயத்தில் நானும் பணத்தைக் கட்டினேன், இருபது நாள் போய்வந்தான், முடிந்தது என்று நினைத்தேன். தனியாகக் காரை எடுத்த முதல் நாளே எங்கள் வீட்டு கேட் தூணில் இடித்தான். ஸ்கூல் காரில் மாஸ்டர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. இருபது நாளும் பாதி பிரேக்கை அவர்தான் காலால் பிடித்திருக்கிறார். இவன் தான் பிடித்ததாகவே நம்பிக்கொண்டிருந்தான்.

மகளுக்கு வேறு மாதிரி ஆரம்பித்தேன். ஜனவரியிலிருந்து என்னோடு எங்கே வந்தாலும் அவளுக்கு ஒரு வேலை: எதிரே இருப்பதில் எது அடுத்து நகரும், எது குறுக்கே வரும் என்று எனக்கு முன்னால் அவள் சொல்ல வேண்டும். காரில் வாயால் சொல்வாள். ஸ்கூட்டரில் ஹெல்மெட்டுக்குள் ஒன்றும் கேட்காது, அதனால் தோளில் தட்டு: இடது பக்கம் ஏதாவது என்றால் இடது தோள், வலது பக்கம் என்றால் வலது தோள். முதல் வாரம் பழக்கமில்லாமல் எல்லாவற்றுக்கும் தட்டினாள். மாட்டுக்கு, குப்பை வண்டிக்கு, ஒருமுறை பேனரில் இருந்த அரசியல்வாதிக்கும்.

மூன்றாவது வாரம் வயலூர் ரோட்டில் ஒரு பஸ் நின்றுகொண்டிருந்தது. நான் வலது பக்கமாக ஒதுங்கிக் கடக்கப் போனேன். இடது தோளில் பலமாக ஒரு தட்டு. கையைத் தளர்த்தினேன். பஸ்ஸின் மூக்குக்கு முன்னாலிருந்து தண்ணீர் பாட்டிலோடு ஒரு பையன் ஓடிவந்தான். நான் பார்க்கவே இல்லை. "பஸ் நின்னா முன்னாடி ஒரு ஆள் இருக்கும்னு நீங்கதானே சொன்னீங்க" என்றாள். நான்தான் சொன்னேன்.

பைசா செலவில்லை, லைசன்ஸ் தேவையில்லை. உங்களுக்கு நவம்பர் வரை எட்டு மாதம் இருக்கிறது.

4 மார்ச் 2024, காலை 7.15

பதினாறு வயதிலேயே லைசன்ஸ் எடுக்கலாமே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆமாம், கியர் இல்லாத வண்டிக்கு எடுக்கலாம். பெற்றோர் சம்மதம் எழுதிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். என் மகளும் ஒன்றரை வருடமாகத் தெருவுக்குள் ஸ்கூட்டர் ஓட்டுகிறாள். எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே நாள் ஓடிவிட்டது.

6 மார்ச் 2024, இரவு 11.05

மேலே எழுதியது தப்பு. தெரிந்தவர் ஒருவர் போன் செய்து திட்டினார், அதன் பிறகுதான் சட்டத்தை எடுத்துப் படித்தேன்.

1988 மோட்டார் வாகனச் சட்டம் 4-வது பிரிவு. பதினாறு வயதில் ஓட்டலாம் என்பது 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்கு மட்டும். அந்தக் காலத்து டிவிஎஸ் 50-ஐ மனதில் வைத்து எழுதிய சட்டம். இன்று கடையில் நிற்கிற எந்த ஸ்கூட்டரும் அதற்குள் வராது. ஆக்டிவா 110 சிசி, எக்ஸ்எல்கூட 100. "பதினாறுக்கு ஸ்கூட்டி லைசன்ஸ்" என்று ஊரே சொல்கிறது, நானும் சொன்னேன். அந்த லைசன்சை எடுத்தாலும் பெட்ரோல் ஸ்கூட்டர் எதையும் 18 வரை ஓட்ட முடியாது. மணிக்கு 25 கிலோமீட்டருக்குள், 250 வாட்டுக்குள் ஓடும் சின்ன பேட்டரி வண்டிக்கு லைசன்சே கேட்பதில்லை, அது வேறு கணக்கு.

2019 திருத்தத்தில் 199ஏ என்று ஒரு பிரிவு சேர்த்திருக்கிறார்கள். 18 ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோரோ வண்டியின் சொந்தக்காரரோதான் குற்றவாளி. மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை எல்.எல்.ஆர். என்கிற பழகுநர் லைசன்ஸ்கூடக் கிடையாது. யார் மீதாவது மோதிவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி அவர்களுக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, லைசன்ஸ் இல்லாத ஆளிடம் வண்டியைக் கொடுத்தாய் என்று நம்மிடம் வசூலிக்கும்.

இரண்டு முறை படித்தேன். ராத்திரியே ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து பீரோவுக்குள் வைத்தேன். மகள் கேட்டாள்: "அப்ப இத்தனை நாள் நான் கள்ள வண்டியா ஓட்டினேன்?" பால் வாங்க, இட்லி மாவு வாங்க அவளை அனுப்பியதே நான்தான். என்ன பதில் சொல்ல?

ஜூன் வரை சைக்கிள். பெரிய சண்டை.

7 மார்ச் 2024

சைக்கிளைக் கேவலமாக நினைக்காதீர்கள். ரோட்டில் சைக்கிள் ஓட்டின பிள்ளைக்குத் திரும்பிப் பார்ப்பது, கை காட்டுவது, கதவு திறக்கப்போகிற காரை விட்டு ஒரு கை தள்ளிப் போவது எல்லாம் ஏற்கெனவே வந்திருக்கும். உங்கள் மகனுக்கு அது இருக்கிறது. அபார்ட்மெண்டுக்குள் மட்டும் சுற்றின சைக்கிள் என்றால் கணக்கில் சேராது.

17 மார்ச் 2024, மாலை 6.30

இன்று செய்தது எல்லோருக்கும் உதவும் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

என் அப்பா அரசு பஸ் டிரைவர், ஓய்வு பெற்று நாளாகிவிட்டது. பேத்தி வண்டி பழகப் போகிறாள் என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "லாரிக்காரன் சீட்டுல ஏறி உக்காந்திருக்காளா?" என்பது. எங்கள் தெருக்கோடியில் ஒருவர் சொந்தமாக லாரி வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை, வண்டி ஷெட்டில் சும்மா நின்றது. கேட்டதும் சிரித்துக்கொண்டே சாவி இல்லாமல் கதவை மட்டும் திறந்துவிட்டார்.

அவளை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தோம். மூத்தவன் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு பின்னாலிருந்து லாரியின் இடது பக்கமாக வந்தான். "தெரியுதா?" "தெரியுது." இன்னும் இரண்டு அடி. "தெரியுது." கேபினின் இடது கதவுக்கு நேராக வந்ததும் சத்தமில்லை. "எங்க போயிட்டான்?" என்று அவள் எட்டிப் பார்த்தாள். ஆளும் இல்லை, வண்டியும் இல்லை. கையை உயர்த்தச் சொன்னேன், விரல் நுனிகூடத் தெரியவில்லை. அடுத்து பம்பருக்கு முன்னால், தொட்டுவிடும் தூரத்தில் நிற்கச் சொன்னோம். அப்போதும் மறைந்துபோனான், ஆறடிப் பையன், கொஞ்சம் குனிந்ததும்.

அப்பா கீழே நின்று, "கண்ணாடியில டிரைவர் மூஞ்சி உனக்குத் தெரிஞ்சாத்தான் அவனுக்கு நீ தெரிவே" என்றார். அந்த வசனத்தை நான் அவளுக்கு நூறு தடவை சொல்லியிருப்பேன். அந்த சீட்டில் பத்து நிமிஷம் உட்கார்ந்தபோதுதான் ஏறியது.

அப்புறம் லாரிக்காரர் வீட்டில் மோர் கொடுத்தார்கள். அப்பாவும் அவரும் டபுள் கிளட்ச் காலத்துக் கதை பேச ஆரம்பித்து இருட்டிவிட்டது.

24 மார்ச் 2024

மகள் ஒரு நோட்டு போட்டிருக்கிறாள். என் பெயரில். ஒரு வாரக் கணக்கு: ஹார்ன் 41, இண்டிகேட்டர் போடாமல் திரும்பியது 9, போன் 3, ராங் சைடு 1.

அந்த ராங் சைடு ஐம்பது மீட்டர்தான் என்று வாதாடினேன். "ஐம்பது மீட்டர்" என்று பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.

9 ஏப்ரல் 2024, இரவு 9.50

மகனுக்குப் பயமே இல்லை, என்ன செய்வது என்று திரும்பக் கேட்டிருக்கிறீர்கள். பயத்தை நாம்தான் ஊட்ட வேண்டும். நான் மகளை உட்கார வைத்து வாட்ஸப்பில் வந்த விபத்து வீடியோ நாலைந்தைக் காட்டினேன். எங்கள் தெருவில் ஹெல்மெட் இல்லாமல் போய்ப் படுக்கையில் கிடக்கிற ஒருவரைப் பற்றி விலாவாரியாகச் சொன்னேன். வண்டியில் சின்னக் கீறல் விழுந்தாலும் சாவியைத் தொட விடமாட்டேன் என்றும் சொல்லி வைத்தேன். அன்றைக்கு ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. பலன் இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

2 மே 2024

குறிப்பு மாதிரி ஒன்று. சென்டர் ஸ்டாண்டு போடுவதற்குப் பலம் வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். என் மகள் 44 கிலோ, வண்டி நூறு கிலோவுக்கு மேல். கையால் தூக்கப் பார்த்து நாலு நாள் தோற்றாள். தூக்கக் கூடாது. ஸ்டாண்டின் இரண்டு காலும் ஒரே நேரத்தில் தரையில் பட வேண்டும், ஹேண்டிலை நேராகப் பிடித்து வண்டியை லேசாக ஆட்டிப் பார்த்தால் இரண்டும் படுவது பாதத்தில் தெரியும். அப்புறம் உடம்பின் முழு எடையோடு ஸ்டாண்டு மேல் ஏறி நிற்க வேண்டும். வண்டி தானாகப் பின்னால் ஏறிவிடும். ஐந்தாம் நாள் போட்டாள், எடுத்தாள், போட்டாள், எடுத்தாள், பக்கத்து வீட்டுப் பாட்டியைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

ஓட்டத் தெரிவதற்கு முன்னால் வண்டியைத் தள்ளவும் நிறுத்தவும் தெரிய வேண்டும். வீட்டு வாசலுக்குள்ளேயே பழகலாம். டயரில் காற்று பார்ப்பது, பெட்ரோல் பங்கில் மீட்டர் பூஜ்ஜியத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது, பஞ்சர் ஆனால் அதே வண்டியில் உட்கார்ந்து உருட்டிக்கொண்டு போகாமல் இறங்கித் தள்ளுவது. காரென்றால் ஸ்டெப்னி எங்கே இருக்கிறது, ஜாக்கியை எங்கே கொடுப்பது. என் மூத்தவனுக்கு இன்றைக்கும் ஜாக்கி கொடுக்கத் தெரியாது.

21 ஜூன் 2024

18 முடிந்தது. எல்.எல்.ஆர். வந்துவிட்டது, ஸ்கூட்டருக்கும் காருக்கும் சேர்த்து. ஆதார் எண் வைத்து வீட்டிலிருந்தே விண்ணப்பித்து, தேர்வும் வீட்டிலேயே. ஆறு மாதம் செல்லும். 30 நாள் கழித்துத்தான் டெஸ்டுக்குப் போக முடியும்.

எல் போர்டு ஒட்டும்போது சின்ன ஸ்டிக்கராக வாங்காதீர்கள். வெள்ளைப் பின்னணியில் சிவப்பு எல், பலகை 18 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையக் கூடாது, எழுத்து 10 சென்டிமீட்டர் உயரமாவது இருக்க வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது. மகள் அதை வண்டியில் மாட்ட வெட்கப்படுகிறாள். அண்ணன் கிண்டல் செய்கிறானாம். அதைப் பார்த்தால் பின்னால் வருகிறவர் கொஞ்சம் விலகிப் போவார் என்றேன், நம்பவில்லை. இரண்டு நாள் ஓட்டிவிட்டு வந்து, "ஆமாப்பா, ஆட்டோக்காரர்கூட வழி விட்டாரு" என்றாள்.

28 ஜூலை 2024, இரவு 11.30

9 ஏப்ரலில் எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

போன வாரம் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இடது பக்கக் கண்ணாடி பளிச்சென்று இருந்தது, வலது பக்கம் பழைய மங்கல். எங்கள் வண்டி 2016 மாடல். ஒரு கண்ணாடி மட்டும் எப்படிப் புதுசாகும்? கேட்டேன். முதலில் தெரியாது என்றாள். அப்புறம் முழுக்கைச் சட்டையை மடித்துக் காட்டினாள், முழங்கையில் தோல் உரிந்து காய்ந்து கிடந்தது. விழுந்து எட்டு நாள் ஆகியிருக்கிறது.

கட்டடம் கட்டுகிற இடத்தில் ரோட்டில் எம்-சாண்ட் சிந்திக் கிடந்திருக்கிறது. ஹேண்டில் திரும்பிய நிலையிலேயே முன் பிரேக்கைப் பிடித்திருக்கிறாள். சக்கரம் வழுக்கிவிட்டது. பின்னால் ஒரு மினி பஸ் வந்துகொண்டிருந்ததாம், டிரைவர் தூரத்திலேயே நிறுத்திவிட்டார். அவர் யாரென்று தெரியாது, நன்றாக இருக்கட்டும். அங்கிருந்து அவள் போன் செய்தது எனக்கில்லை, ஸ்ரீரங்கத்தில் இருக்கிற அத்தைக்கு. அத்தை வீட்டுக்குப் போய், மருந்து போட்டு, கண்ணாடி மாற்றி, சட்டை மாற்றி, ஒன்றும் நடக்காதது போல ஆறு மணிக்கு வந்து என்னோடு காபி குடித்திருக்கிறாள்.

என் தங்கையிடம் கத்தினேன். அவள் சாவதானமாகச் சொன்னாள்: "கீறல் விழுந்தா சாவி கிடையாதுன்னு நீதானே சொன்னே. கையில கீறலைப் பத்தி நீ ஒண்ணும் சொல்லலையே."

அந்த எட்டு நாளில் தலையில் அடிபட்டிருந்தால், ஒரு வாந்தி வந்திருந்தால்கூட நான் வெயில் என்று நினைத்திருப்பேன். இதைத்தான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். நான் காட்டிய வீடியோவால் அவள் மெதுவாகப் போனாளா என்று தெரியாது, என்னிடம் மறைக்க மட்டும் கற்றுக்கொண்டாள்.

இப்போது புது ஒப்பந்தம். எங்கிருந்தாலும், எந்த நேரமானாலும், யாரோடு இருந்தாலும் கூப்பிடலாம். வருவேன், கூட்டிக்கொண்டு வருவேன், அன்றைக்கு ஒரு கேள்வி கேட்க மாட்டேன். கேள்வியெல்லாம் மறுநாள் காலை காபிக்குப் பிறகு. எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னாள், போட்டேன். அதுவும் அந்த நோட்டில்தான் இருக்கிறது.

29 ஜூலை 2024, காலை 6.50

தூங்கி எழுந்ததும் கொஞ்சம் மாற்றித் தோன்றுகிறது. பயமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. விழுந்தபோது ஹெல்மெட் வார் பூட்டியிருந்தது. தெருமுனைக் கடைக்குப் போனாலும் "டிக்" என்று சத்தம் கேட்டால்தான் கிளம்புவாள், அது அந்த வீடியோக்களின் வேலையாகவும் இருக்கலாம். ரோட்டைப் பார்த்துப் பயப்படட்டும், என்னைப் பார்த்துத்தான் வேண்டாம். இதை எப்படிப் பிரித்து ஊட்டுவது என்று எனக்கு வழி தெரியவில்லை.

11 ஆகஸ்ட் 2024, மாலை 7.20

விழுந்ததற்குப் பிறகு பிரேக்கைத் தனியாகப் பழகினோம். மைதானம், சாக்பீஸ், ஒரு கோடு. 20-ல் வந்து கோட்டில் பிரேக் பிடி, எங்கே நிற்கிறாய் என்று காலடி எண்ணு. அப்புறம் 40-ல். இரண்டு மடங்கு வேகம், இரண்டு மடங்கு தூரம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். 20-ல் ஐந்து காலடி. 40-ல் எண்ணிக்கொண்டே போகிறாள், பத்து தாண்டியது, பதினைந்து தாண்டியது, பத்தொன்பதில் நின்றாள். "பத்துதானே வரணும்? நான் தப்பாப் பிடிச்சேனா?" மறுபடி ஓட்டினாள், மறுபடி பதினெட்டோ பத்தொன்பதோ.

பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலில் 90-க்கு மேல் வாங்கிய பெண். வேகத்தின் வர்க்கம் என்று பரீட்சையில் எழுதியிருப்பாள். கோட்டிலிருந்து தன் காலால் நடந்தபோதுதான் அது நீளமாகத் தெரிந்தது. அதோடு, பிரேக் பிடிக்க வேண்டும் என்று மூளைக்கு எட்டுவதற்கே ஒரு விநாடி போகும். 40-ல் அந்த ஒரு விநாடியில் வண்டி 11 மீட்டர் போய்விடும், 60-ல் கிட்டத்தட்ட 17 மீட்டர். இரண்டு காரை முன்னும் பின்னும் நிறுத்தினால்கூட 11 மீட்டர் வராது என்று சொன்னேன். மைதானத்தில் நின்ற எங்கள் காரை அளந்து பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டாள்.

வண்டி நேராக இருக்கும்போது இரண்டு பிரேக்கையும் சேர்த்து, மணலில் முன் பிரேக்கைத் தொடாமல், திருப்பத்துக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து. இந்த மூன்றையும் அரை மணி நேரம். எங்களுடையது பழைய வண்டி, முன்னும் பின்னும் தனித்தனி. 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த 125 சிசிக்கு உட்பட்ட வண்டிகளில் ஒன்றைப் பிடித்தால் இரண்டும் சேர்ந்து பிடிக்கிற ஏற்பாடு பெரும்பாலும் இருக்கும். உங்கள் மகனுக்குப் பழைய வண்டி வாங்குவதாக இருந்தால் இதைக் கேட்டு வாங்குங்கள்.

25 ஆகஸ்ட் 2024

நண்பர்களை ஏற்றிக்கொண்டு போவது பற்றி. எல்.எல்.ஆர்.-ல் ஓட்டுகிறவர் பைக்கில், சொல்லித் தருகிறவரைத் தவிர யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது. அது விதி. ஆனால் லைசன்ஸ் கைக்கு வந்த மறுநாள்? நம் ஊரில் எந்தத் தடையும் இல்லை. நேற்று வரை மாணவன், இன்று ராத்திரி பன்னிரண்டுக்குக் காரில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் போகலாம்.

நியூசிலாந்தில் 1987-லிருந்தே படிப்படியாகத் தருகிறார்கள். எல்.எல்.ஆருக்கும் முழு லைசன்சுக்கும் நடுவில் ஒரு கட்டம் உண்டு. அதில் இரவு 10 முதல் காலை 5 வரை தனியாக ஓட்டக் கூடாது, நண்பர்களை ஏற்றக் கூடாது, அனுபவமுள்ள ஓட்டுநர் பக்கத்தில் இருந்தால் மட்டும் விதிவிலக்கு. அதே வயதுக்காரர்கள் வண்டிக்குள் ஏறினால் இளம் ஓட்டுநருக்கு விபத்து கூடுகிறது என்று பல நாடுகளில் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். ஒரு முறை மூத்தவனும் அவன் கூட்டாளிகளும் இருந்த காரின் பின்சீட்டில் நான் உட்கார்ந்து வந்தேன். எனக்கு ஆராய்ச்சி தேவைப்படவில்லை.

எனவே வீட்டு லைசன்ஸ் என்று ஒன்று வைத்தோம். முதல் மூன்று மாதம் தனியாக மட்டும், பகலில் மட்டும். அடுத்த மூன்று மாதம் ஒரே ஒரு ஆள். மழை நாளில் முதல் தடவை நான் கூட வருவேன்.

இதை எழுதும்போது மகள் தோளுக்கு மேலிருந்து படித்துவிட்டுக் கேட்டாள்: "அண்ணனுக்கு இதுல ஒண்ணுமே இல்லையே, ஏன்?"

அவனைப் பதினான்கு வயதில் எக்ஸ்எல்லில் அரிசி மூட்டையோடு அனுப்பியிருக்கிறேன். அவன் ஆண் பிள்ளை, சமாளிப்பான் என்ற நினைப்பு. சட்டம் தெரியாது என்பதெல்லாம் சும்மா, அப்போது தெரிந்திருந்தாலும் அனுப்பியிருப்பேன். உங்களுக்கும் மகன் என்பதால் சொல்கிறேன். பயமில்லாத பையன் என்று நீங்கள் எழுதியதில் ஒரு சின்னப் பெருமையும் ஒட்டிக்கொண்டிருந்த மாதிரி எனக்குப் பட்டது. தப்பாக இருந்தால் மன்னியுங்கள். எனக்கு இருந்தது.

மூத்தவனுக்கும் மழை விதி இனி உண்டு என்று அறிவித்தேன். கேட்டுவிட்டு வெளியே போய்விட்டான்.

15 செப்டம்பர் 2024, இரவு 8.45

கார். ஸ்கூலில் சேர்த்தாகிவிட்டது. முதல் நாளே மாஸ்டரிடம், "எப்பெல்லாம் நீங்க பிரேக் பிடிக்கிறீங்களோ அப்பெல்லாம் சொல்லிடுங்க சார்" என்று கேட்டிருக்கிறாள். பதினோரு தடவை என்றாராம். நேற்று இரண்டு.

அவளுக்கு வண்டி ஓட்டுவதில் பயமில்லை, நின்றுபோவதில்தான். தென்னூர் மேம்பாலத்தில் ஏறும்போது வண்டி ஆஃப் ஆகிவிட்டது. பின்னால் வந்த பஸ்காரர் ஹார்னிலிருந்து கையை எடுக்கவே இல்லை. கை நடுங்கி மறுபடி ஸ்டார்ட் செய்து, மறுபடி ஆஃப். மூன்றாவது முறை மாஸ்டர் காலால்தான் ஏறியது. வீட்டுக்கு வந்து இனி காரே வேண்டாம் என்று அழுதாள்.

ஹேண்ட் பிரேக் போடு, ஹாஃப் கிளட்சில் வண்டி லேசாகத் துடிக்கும், அப்போது ஹேண்ட் பிரேக்கை விடு. இதெல்லாம் அவளுக்கு நன்றாகவே தெரியும். ஹார்ன் சத்தம் கேட்டதும் எல்லாம் மறந்துவிடுகிறது. அதற்கு மூத்தவன்தான் ஒரு வழி சொன்னான். ஞாயிறு காலை எங்கள் காரில் அவளும் நானும், பின்னால் பைக்கில் அவன், மைதானத்துக்குப் பக்கத்தில் ஒரு ஏற்றம். அவள் வண்டியை நிறுத்தி எடுக்க வேண்டும், அவன் இடைவிடாமல் ஹார்ன் அடிப்பான், "ஏம்மா, வூட்ல சொல்ட்டு வந்தியா" என்று கத்துவான். முதல் நாலு முறை ஆஃப். ஐந்தாவது முறை ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு, கண்ணாடியில் அவனைப் பார்த்து, தண்ணீர் பாட்டிலை எடுத்து நிதானமாக இரண்டு மடக்குக் குடித்தாள். மூடி போட்டு வைத்தாள். அப்புறம் கிளட்சை விட்டாள், ஏறிவிட்டது.

அக்கம்பக்கத்தில் நடைப்பயிற்சி போனவர்கள் மூத்தவனைப் பிடித்துத் திட்டினார்கள். பெண் பிள்ளை ஓட்டினால் பொறுக்காதா உனக்கு என்று ஒரு பெரியவர் விரட்டியே வந்தார். விளக்கம் சொல்லிப் புரிய வைக்க அரை மணி நேரம் ஆனது.

29 செப்டம்பர் 2024

நோட்டுக் கணக்கு கேட்டிருந்தவருக்கு: இந்த வாரம் ஹார்ன் 12, இண்டிகேட்டர் 2, ராங் சைடு 0, போன் 1. அந்த ஒன்று ஆபீசிலிருந்து வந்த அழைப்பு. ஓரமாக நிறுத்தித்தான் பேசினேன், ஆனால் எடுத்துப் பார்த்தது ஓடும்போது. பாதி மார்க் குறைத்துக்கொள்ளச் சொன்னேன், மாட்டாளாம்.

6 அக்டோபர் 2024, காலை 7.00

உங்கள் மகனுக்கு ஹெல்மெட் அளவு எப்படிப் பார்ப்பது என்று கேட்டீர்கள். ஆன்லைனில் வாங்காதீர்கள், அவனைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். போட்டதும் கன்னம் இரண்டும் லேசாக அழுந்த வேண்டும். வாரைப் பூட்டிவிட்டு, ஹெல்மெட்டைப் பிடித்துத் திருப்பினால் நெற்றித் தோலும் கூடவே நகர வேண்டும். ஹெல்மெட் மட்டும் தனியாகச் சுற்றினால் பெரிய சைஸ். பின்னாலிருந்து மேல்நோக்கித் தூக்கிப் பாருங்கள், கழன்று வந்தால் வேண்டாம். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். பின்னால் உட்காருகிறவருக்கும் ஒன்று சேர்த்து வாங்குங்கள், ஏனென்றால் அங்கே உட்காரப் போவது நீங்கள்தான், தோளில் தட்டிக்கொண்டு.

14 அக்டோபர் 2024, இரவு 9.30

நாளை டெஸ்ட். ஸ்கூட்டருக்கும் காருக்கும் ஒரே நாள். காலை ஆறரைக்குக் கிளம்ப வேண்டும், எட்டுப் போடப் பக்கத்துக் காலி மனையில் செங்கல் வைத்து இருட்டும் வரை சுற்றிக்கொண்டிருந்தாள். அப்பாவும் வருவேன் என்கிறார், பிரேக் இன்ஸ்பெக்டரைப் பார்த்து எத்தனை வருஷம் ஆச்சு என்று.

15 அக்டோபர் 2024, மதியம் 1.10

கார் பாஸ். ஸ்கூட்டர் ஃபெயில், எட்டில் இரண்டாவது வளைவில் கால் ஊன்றிவிட்டாள்.

ஏழு நாள் கழித்து மறுபடி போகலாம். வரும் வழியில் காரை அவள்தான் ஓட்டினாள், எல் போர்டோடு. அப்பா பின்சீட்டிலிருந்து இடது பக்கம் தட்டினார், வலது பக்கம் தட்டினார். சத்திரம் வந்ததும் வண்டியை ஓரமாக நிறுத்தி, "தாத்தா, இது கார், வாயால சொல்லலாம்" என்றாள்.